இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு நாட்கள்

அப்பாவுடன் மோட்டார்சைக்கிள் பந்தயம் பார்க்கப் போனேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது, பக்கத்து மேசை நண்பர், "அவருக்குத்தான் காது கேட்காதே, அங்கே போய் என்ன செய்தார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. பந்தயம் என்றாலே சத்தம்தான் என்பது அவர் எண்ணம். அந்தச் சனிக்கிழமை காலைவரை எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

நான் ஒரகடத்தில் வசிக்கிறேன். வல்லம் வடகால் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. எட்டு வருடமாகியும் ஒரகடத்தை 'எங்கள் ஊர்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடம் அது. மேலே ஒரு பாலம், கீழே ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொள்ளும் பேருந்துகள். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர்களுக்குப் பின்னால் எங்களைப் போன்ற சிறு ஆலைகள் வந்தன, எங்களுக்குப் பின்னால் மேன்ஷன்களும் மெஸ்களும் வந்தன. ஏரிக்கரையில் நின்றால் ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் ஏற்றுமதிக்காக வரிசையாக நிற்கும் புதுக் கார்கள். இரண்டையும் ஒரே கொக்குக் கூட்டம்தான் சுற்றி வருகிறது.

2024 தை மாதத்தில் அம்மா இறந்தார். அதன்பிறகு அப்பாவை அம்பத்தூர் வீட்டிலிருந்து இங்கே அழைத்து வந்தேன். மனைவி மகளின் படிப்புக்காக மதுரையில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய நான் என் அப்பாவுடன் நேரடியாகப் பேசிப் பழகியதே இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்வந்து கொண்டிருந்தது. நான் சமையலறை வாசலில் நின்று சொல்வேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் மணிக்கட்டைத் தொடுவார். அவர் நிமிர்ந்ததும் எதிரே நின்று, குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சொல்வார். அப்பா பதில் சொல்வார். அது எனக்கு நேரடியாகவே கேட்கும் என்றாலும் அம்மா அதையும் திருப்பிச் சொல்வார், மொழிபெயர்ப்பாளர்கள் பழக்கத்தில் சொல்வதைப் போல.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். 1964இல் உருவான பேட்டை அது. அப்பா 1974இல் சேர்ந்தார். நூறு டன், இருநூறு டன் பிரஸ்கள் தகட்டை அறைந்து அறைந்து வெட்டும் சத்தத்துக்கு நடுவே எட்டு மணி நேரம். ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு. அதுவும் அவர்களே வீட்டிலிருந்து கொண்டுபோனது. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோய்களில் ஒன்றாகவே இடம்பெற்றிருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு தாளில்கூட எழுதிக் கொடுத்தவரில்லை. காது மந்தம் என்று தெரிந்தால் மிஷினிலிருந்து எடுத்து விடுவார்கள் என்ற பயம். பிரஸ் ஆபரேட்டரைக் கூட்டிப்பெருக்கும் வேலைக்கு மாற்றினால் சம்பளம் மட்டுமா குறையும்?

இங்கே வந்த புதிதில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வரைபடத்தைக் காட்டி விளக்கினார். சத்தத்தில் கெட்ட காது ஒரேயடியாகக் கெடுவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது, பிறகு அது இருபுறமும் அகலமாகிறது. உயிரெழுத்துகளின் கனம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மைதான் போய்விடுகிறது. ஆகவே அப்பாவுக்கு நாம் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது மட்டும் கேட்பதில்லை. (இலக்கணத்தில் உயிர் இல்லாமல் மெய் இயங்காது என்று படித்தோம். அப்பாவின் காதில் மெய் உதிர்ந்து உயிர் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.) காதில் பொருத்தும் கருவி வாங்கினோம். பத்து நாள் போட்டுப் பார்த்தார். "தட்டு கழுவற சத்தம் இடி மாதிரி விழுது, நீ பேசறது மட்டும் அப்படியேதான் இருக்கு" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

அதன்பிறகு நான் கத்தத் தொடங்கினேன். காபி வேண்டுமா என்பதைக் கத்தினேன், மாத்திரை போட்டாயிற்றா என்பதைக் கத்தினேன். கத்திக் கேட்கும் எந்தக் கேள்வியும் கோபம் போலவே ஒலிக்கிறது. கொஞ்ச நாளில் அது உண்மையிலேயே கோபமாகவும் ஆகிவிட்டது. கோபுரத்தின் மேலேறி ஊருக்கெல்லாம் கேட்கும்படி மந்திரத்தைக் கூவிய ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரே ஒரு மனிதருக்கு ஒரு வாக்கியத்தைக் கேட்க வைக்க என்னால் முடியவில்லை. பேசாமல் இருப்பது இருவருக்கும் வசதியாக இருந்தது. நிறுவனம் வெளியூர் அனுப்பியபோதெல்லாம், ஏன் மறைக்க வேண்டும், நிம்மதியாகவே கிளம்பினேன்.

அந்தப் பயணங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருமுறை கிரேட்டர் நொய்டா. யமுனா விரைவுச்சாலையில் போகும்போது உடன் வந்த உள்ளூர்க்காரர் புத் சர்வதேசப் பந்தயத்தடம் இருக்கும் திசையைக் காட்டினார். 2011, 2012, 2013 என்று மூன்றே ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்த இடம். மூன்றிலும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். அந்த மூன்றாவது வெற்றியோடு அவர் நான்காவது உலகப் பட்டத்தையும் உறுதிசெய்து, தடத்திலேயே காரை வட்டமடித்துச் சுழற்றி, இறங்கி அதன்முன் மண்டியிட்டது பலருக்கு நினைவிருக்கலாம். அதன்பின் ஃபார்முலா ஒன் இந்தியாவுக்கு வரவில்லை. அது விளையாட்டா கேளிக்கையா, கேளிக்கை வரி உண்டா இல்லையா என்ற வழக்கு மட்டும் தொடர்ந்தது. 2023இல் மோட்டோஜிபி ஒருமுறை வந்து போனது. அவ்வளவு பெரிய கட்டுமானம் வருடத்தின் பெரும்பகுதி சும்மா நிற்பதைப் பார்க்கும்போது ஒருமாதிரி இருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் சத்திரம் போல.

இன்னொரு முறை சென்னையே. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போன பந்தயம் அது. மூன்றரை கிலோமீட்டர், பத்தொன்பது வளைவுகள். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பேருந்தில் நின்றுகொண்டு கடக்கும் அதே சாலைகள். இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு அப்பாவிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மவுண்ட் ரோட்ல வண்டி ஓடறதப் பாக்கக் காசா?" என்றார். நான் மட்டும் போனேன். விளக்கு வெளிச்சத்தில் கார்கள் அழகாகத்தான் இருந்தன. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

திருப்பம் கோயம்புத்தூரில் நடந்தது. சென்ற ஆண்டு வேலை நிமித்தம் போனபோது அரைநாள் மிச்சமிருந்தது. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினரின் கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் போனேன். கைப்பேசியில் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினேன். பேசாமல் காட்டக்கூடியவை படங்கள்தானே. பெயர்ப்பலகைப் படத்தில் அவர் விரல் நின்றது. "கரியா? கரிவரதனா?" என்றார். தலையாட்டினேன். "கோயம்புத்தூர்க்காரர். மில் குடும்பம். மாருதி 800 எஞ்சினை வச்சு அவரே ஒத்த சீட்டு ரேஸ் காரு பண்ணாரு. பிளேன் விழுந்து செத்துட்டாரு பாவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தவர். அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில்தான் ஒரு தலைமுறையே பந்தயம் கற்றது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் அந்த வகைக் காரில், இதே ஸ்ரீபெரும்புதூரில். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்கெப்படித் தெரியும்?" என்று கத்தினேன். அதிசயமாக அது கேட்டது, அல்லது முகத்திலிருந்து ஊகித்துவிட்டார். "சோழவரத்துல பார்த்திருக்கேன். நான் கொடி புடிச்சுக்கிட்டு இருந்தேன்ல" என்றார், எனக்குத் தெரிந்த விஷயத்தை நினைவூட்டுபவர் போல.

சோழவரம் பற்றி இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதன்மேல் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி மாதப் பந்தயத்துக்கு ஊரே திரண்டு போகும். மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். அதே ஓடுதளத்தில் பட்டறைப் பையன்கள் தாங்களே போர் பண்ணிய ஜாவாவோடும் யெஸ்டியோடும் வந்தார்கள். சாமானியனும் சீமானும் ஒரே தாரில் ஓடியது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரே தார்தான், ஆனால் ஒருவர் கவிழ்ந்தால் வேறு கார் வரும், மற்றவர் கவிழ்ந்தால் பட்டறை மூடும். 1990இல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று நிரந்தரத் தடம் அமைத்துக்கொண்டபின் சோழவரம் முடிந்துபோயிற்று. கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக், அவர் மகன் விக்கி, பேரன் கருண் என்று மூன்று தலைமுறை இதிலேயே இருந்தது. கருண் 2010இல் ஃபார்முலா ஒன்வரை போனார்.

அப்பா அந்தப் பந்தயங்களில் தன்னார்வலராகக் கொடி காட்டியவர். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் ஒரு தொப்பியும். அந்தத் தொப்பியை நான் பார்த்திருக்கிறேன். பரண்மேல் ஒரு டப்பாவில் நட்டு போல்ட்டுகளுக்கு உறையாகக் கிடந்தது.

நிற்க. அடுத்த வாரமே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் ஒரு சுற்று இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். எட்டு வருடத்தில் நான் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த முறை டிக்கெட்டைக் காட்டாமல், சனிக்கிழமை காலை சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே என்று கேட்டார். பைக் ஓட்டுவது போலக் கையை முறுக்கிக் காட்டினேன். சிரித்தார். அம்மா போனபிறகு அப்பா பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பிச் சற்று தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் வந்தது 1996இல். அதற்கு ஆறு வருடம் முன்பே இந்தத் தடம் இங்கே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கார் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே கார் பந்தயம் விட்ட ஊர். 3.717 கிலோமீட்டர் நீளம். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயரில் மெட்ராஸ் மட்டும் மாறவில்லை.

பார்வையாளர் படிகளில் உட்கார்ந்தோம். கூட்டம் அதிகமில்லை. ஓட்டுநர்களின் குடும்பங்கள், பொறியியல் கல்லூரி மாணவர்கள், விடுமுறைக்கு வேறு போக்கிடமில்லாத எங்கள் பகுதித் தொழிலாளர்கள். 165 சிசி வகைப் பந்தயம் தொடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்பா பொத்தவில்லை. உள்ளங்கையைச் சிமெண்டுப் படியில் பதித்து வைத்துக்கொண்டார். "கேட்குதா?" என்று முகத்தால் கேட்டேன். தலையாட்டினார். வீட்டுக்கு வந்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று என்றால் நொடிக்கு நூறு வெடிப்பு, நூறு ஹெர்ட்ஸ். பிரஸ் ஷாப் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது நாலாயிரத்தை. நூறை விட்டுவைத்திருந்தது. மேலே உள்ள கிறீச்சிடல்களெல்லாம் எனக்கு. அடியில் இருக்கும் உறுமல் அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். அங்கே யாருமே பேசிக்கொள்ளவில்லை. பேசிப் பயனில்லை. மனைவி கணவனுக்குச் சைகை காட்டினார். பிட் சுவருக்கு அருகே நின்றவர்கள் எண்கள் எழுதிய பலகையை நீட்டினார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பாளர் என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் புரியவில்லை. தடத்தைச் சுற்றியிருந்த சாவடிகளில் கொடிகள் ஏறின, இறங்கின. நாற்பது வருடமாக அப்பா வாழும் உலகத்துக்குள் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்திருந்தோம். அந்த உலகத்தின் மொழி அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

எனவே அவர் சொல்லத் தொடங்கினார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், வண்டிகள் கடந்துபோன இடைவெளிகளில், கொடி கொடியாக. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தாதே. நீலம் என்றால் உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் தரையில் எண்ணெய், வழுக்கும். கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் தெரிந்தால் உன் வண்டியில் ஏதோ கோளாறு, உனக்குத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரிகிறது, வெளியே வா. "அந்தக் காலத்துல அசையாம புடிச்சா ஒண்ணு, ஆட்டினா வேற. புடிக்கறதுலேயே சேதி இருக்கு." கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார். தன்னைப் போன்றவர்கள் கையில் அது வந்ததே இல்லை என்று பிறகு சொன்னார். அதைக் காட்டப் பெரிய மனிதர்களை அழைப்பார்களாம்.

மத்தியானம் சுண்டலும் மோரும் சாப்பிட்டோம். ஒரு பெண்கள் பந்தயமும் இருந்தது. அப்பா அதை எழுந்து நின்று பார்த்தார். "சோழவரத்துல பொம்பளைப் புள்ளைங்க ஓட்டி நான் பார்த்ததில்ல. இது நல்லா இருக்கு" என்றார். மாலை வீடு திரும்பியதும் எட்டு மணிக்கே தூங்கிப்போனார். நான்தான் தூக்கம் வராமல் கொடிகளின் பொருளை இணையத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். (தரக்கட்டுப்பாட்டுப் புத்தி.) எல்லாம் சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே முதலில் கிளம்பி வாசலில் நின்றார். பரணிலிருந்த அந்தத் தொப்பி அம்பத்தூர் வீட்டைக் காலிசெய்தபோது எங்கோ போய்விட்டது. நெற்றிக்கு வெயில் படாமல் துண்டைக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது பந்தயம் என்று நினைவு. நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ எங்களுக்கு எதிரே உள்ள வளைவில் ஒருவர் சறுக்கினார். வண்டி ஒருபுறம், ஆள் ஒருபுறம். பின்னால் வந்தவர்கள் விலகினார்கள், ஒருவரால் விலக முடியவில்லை. நான் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வலது கை தலைக்குமேல் போயிருந்தது. விரல்கள் இல்லாத ஒரு கழியைப் பிடித்திருப்பது போல மூடியிருந்தன. மஞ்சள் ஏறியது, அடுத்த நொடிகளில் தடம் முழுவதும் சிவப்பு ஏறியது. வண்டிகள் வேகம் குறைத்து ஒவ்வொன்றாகத் திரும்பின. சத்தம் அடங்கியது. அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல்கூடக் கேட்டது.

அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது ஒன்றுதான். 2023 ஜனவரியில் இதே தடத்தில் கார்ப் பந்தய விபத்தில் 59 வயதான கே.இ. குமார் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அந்த வாரஇறுதியின் மீதிப் பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. பதின்மூன்று வயது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, பிள்ளையைப் பந்தயத்துக்கு விட்ட பெற்றோரைப் பற்றிக் கடுமையாக ஏதோ சொன்னேன். அம்மா அப்போது இருந்தார். "அவங்க ஆசைப்பட்டதுக்கு அவங்களையே அடிக்காதே" என்றார். இன்னும் எனக்கு அதில் ஒரு முடிவு இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளை ஓட்டவிடக் கூடாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எதிரே ஒரு தந்தை மகனின் ஹெல்மெட் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது, அப்படிச் சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது.

ஆம்புலன்ஸ் போனது. சில நிமிடங்களில் விழுந்தவர்கள் இருவரும் எழுந்து நடப்பது தெரிந்தது. ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் எழுந்தது. அப்பா உட்காரவில்லை. நான் அவர் மணிக்கட்டைத் தொட்டேன். தொட்டபிறகுதான் அது அம்மாவின் வழக்கம் என்று உணர்ந்தேன். அவர் திரும்பினார். நான் எதிரே நின்று, கத்தாமல், "உட்காருங்கப்பா, ஒண்ணும் ஆகலை" என்றேன். முழுவதும் புரிந்துகொண்டார்.

உட்கார்ந்தபின் தடத்தைப் பார்த்தபடியே அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

சாவடியில் இருவர் முதுகோடு முதுகாக நிற்பார்கள். ஒருவர் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு கொடியோடு நிற்பார். மற்றவர் வளைவுக்கு அப்பால் நடப்பதைப் பார்ப்பார். அங்கே யாராவது விழுந்தால் விசில் ஊதுவார். விசில் கேட்ட மாத்திரத்தில் கொடிக்காரர் மஞ்சளை உயர்த்த வேண்டும். 1986இல் அப்பாதான் கொடியோடு நின்றார். பின்னால் விசில் ஊதியது. அவருக்குக் கேட்கவில்லை. கூட நின்றவர் முதுகில் ஓங்கி அடித்தபின்தான் கொடியை உயர்த்தினார். மூன்று நொடியோ நான்கு நொடியோ. அதற்குள் இரண்டு வண்டிகள் அவரைக் கடந்து போயிருந்தன. ஒன்று தப்பியது. மற்றொன்று விழுந்து கிடந்த வண்டியில் மோதியது. அந்தப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிறகு அவன் பந்தயம் ஓட்டவில்லை.

யாரும் விசாரிக்கவில்லை. சத்தத்தில் விசில் கேட்காமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று கூட நின்றவரே சமாதானம் சொன்னார். "ஆனா எனக்குத் தெரியும்ல. விசில் சன்னமான சத்தம். அது எனக்குப் போயிடுச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். பன்னிரண்டு வருடப் பிரஸ் ஷாப்பில் முதலில் விழுந்த பள்ளம் அந்த விசிலின் இடத்தில் விழுந்திருக்கிறது. அவர் அடுத்த வருடத்திலிருந்து சோழவரம் போகவில்லை. நான் அப்போது மூன்று வயதுக் குழந்தை. குடும்பப் பொறுப்பு வந்ததால் போவதை விட்டுவிட்டார் என்றுதான் எங்கள் உறவினர்கள் சொல்வார்கள். தொழிற்சாலையிலும் சொல்லவில்லை, வைத்தியரிடமும் போகவில்லை. இன்னும் இருபத்து மூன்று வருடம் அதே பிரஸ்ஸில் நின்றார்.

"அம்மாவுக்கு?" என்றேன், எதிரே நின்று.

"அவளுக்கு மட்டும் தெரியும். அந்தப் பையன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவதான் ரெண்டு வாட்டி சாப்பாடு கொண்டு போனா. யாருன்னு சொல்லிக்கல."

மீதிப் பந்தயங்களை இருவரும் பேசாமல் பார்த்தோம். ஆனால் இது வீட்டில் நாங்கள் கடைப்பிடித்த பேசாமை போல இருக்கவில்லை. நடுவில் ஒருமுறை நீலக் கொடி ஆடியபோது அவர் என் முழங்கையை இடித்து, பின்னால் வந்துகொண்டிருந்த சிவப்பு வண்டியைக் காட்டினார். அது அடுத்த வளைவிலேயே முந்தியது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசல். வாகனம் ஓட்டிக்கொண்டே அவரிடம் பேச முடியாது. பக்கவாட்டு முகத்திலிருந்து அவரால் எதையும் படிக்க முடியாது. ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தொண்டையில் நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் திரும்பி, மாத்தூர் தாண்டி, ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினேன். விளக்கைப் போட்டுவிட்டு முழுவதுமாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அந்தப் பையன் பேர் ஞாபகம் இருக்காப்பா?"

உடனே சொன்னார். பெயரையும், அப்போது அவன் வேலை பார்த்த பட்டறை இருந்த தெருவையும், ஓட்டிய வண்டியின் எண்ணையும் சொன்னார். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும்.

"தேடிப் பார்க்கலாமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகத்தான் படித்தோமா என்பது போல. பிறகு கார் கதவைத் திறந்துகொண்டே, "மொதல்ல ஒரு டீ குடிக்கலாம். சர்க்கரை கம்மியா போடச் சொல்லு" என்றார்.